கோயில் சுவருக்கும் ஒரு படம்

யாத்திரை சென்று திரும்பிய அன்பர் ஒருவரின் கைபேசியை வாங்கிப் பாருங்கள். 400, 500 படங்கள் இருக்கும். கோபுரத்தின் முன்னே குடும்பம், தேரடியில் பேரன், குளக்கரையில் சம்பந்தி அம்மாள், திரும்பும் வழியில் சிற்றுண்டிச் சாலையில் அனைவரும். குறை சொல்லவில்லை, அவையும் வேண்டியவைதாம். ஆனால் அக்கோயிலின் தென்புறச் சுவர் எப்படி இருந்தது, அதில் கல்வெட்டு எந்த உயரத்தில் ஓடியது, திருமதிலின் எந்த மூலை சரிந்திருந்தது என்று கேட்டால், அந்த ஐந்நூறில் ஒரு படமும் தேறாது. இவ்வாரம் அந்தத் தென்புறச் சுவரைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

எங்கள் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் இருப்போருக்கு இந்தக் கவலை மற்ற ஊராரைவிடச் சற்றுக் கூடுதலாக உண்டு. ‘ஹொச ஊரு’ என்றால் கன்னடத்தில் புதிய ஊர். பெயர்தான் புதிது, கல்வெட்டுகளில் இவ்வூர் செவிடபாடி என்று வழங்கப்பட்டிருக்கிறது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதன்பின் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் இங்கிருந்து நாடெங்கும் சென்றன. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. அருள்மிகு மரகதாம்பாள் உடனுறை சந்திரசூடேசுவரர் எழுந்தருளியிருக்கும் மலைமீது நின்று சுற்றிலும் பார்த்தால், முன்பு வயலும் மானாவாரிக் கொல்லையும் இருந்த இடமெல்லாம் இப்போது தகரக் கூரைகளும் அடுக்குமாடி வீடுகளுமாகத் தெரிகின்றன. வளர்ச்சியை நான் வெறுப்பவன் அல்லன். அதனால்தான் இங்குள்ள பிள்ளைகளுக்குச் சோறு. ஆயினும் சாலை அகலமாகும்போது ஓரத்து நடுகல் நகர்கிறது. ஊரில் பணம் புரளும்போது கோயிலுக்கும் புதுக்கட்டடம் எழுகிறது. பழைய கட்டடம் எப்படி இருந்தது என்று பத்தாண்டு கழித்துச் சொல்ல ஆளில்லை.

படம் எடுத்து வைப்பது இப்பகுதிக்கு நேற்று வந்த பழக்கம் அன்று. 165 ஆண்டுகளுக்கும் மேலாகிறது. லின்னேயஸ் டிரைப் என்று ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரி இருந்தார். பேலூர், ஹளேபீடு கோயில்களை 1854-இல் படமெடுத்துப் பெயர் பெற்றவர். பின்னர் சென்னை மாகாண அரசு அவரையே அரசாங்கப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857-ஆம் ஆண்டின் முடிவில் பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டவர், வழியில் நம் ராயக்கோட்டையைப் படமெடுத்தார். அப்போது இது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. ‘ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களும்’ என்ற பொருள்படும் தலைப்பில் அப்படங்கள் 1858-இல் சென்னையில் தனித் தொகுதியாகவே வெளிவந்தன. ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்கின்ற எத்தனை பேருக்கு இது தெரியும்?

அவர் படமெடுத்த விதத்தை எண்ணிப் பார்த்தால் நமக்கு வெட்கம் வரும். மெழுகூட்டிய காகிதத்தில் ரசாயனம் தடவி, பெரிய மரப்பெட்டிக் காமிராவில் வைத்து, ஒரே காட்சிக்கு நிமிடக்கணக்கில் ஒளி காட்ட வேண்டும். ஆள் அசைந்தால் ஆள் மறைந்துபோவார். கட்டடம் மட்டும் பதியும். பெட்டிகளையும் மருந்துகளையும் சுமந்துகொண்டு அவர் திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சென்றார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடுகின்ற கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்திற்கு ஒரே பட்டையாக்கினார். அழகுக்காக எடுத்த படமன்று அது. எழுத்து ஒன்றுவிடாமல் பதிவாக வேண்டும் என்ற ஒரே நோக்கம். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலையும் அவர் எடுத்திருக்கிறார். பிற்பாடு ஆளுநர் நேப்பியர் பிரபு காலத்தில் பழுது பார்க்கப்படுவதற்கு முன், அது இடிந்து கிடந்த கோலம் இன்று நமக்குத் தெரிவது அப்படங்களால்தான். அடுத்து வந்த ஆளுநர் டிரெவெலியன் இதையெல்லாம் வீண் ஆடம்பரச் செலவென்று கருதி வேலையையே நிறுத்திவிட்டார். கணக்குப் பார்ப்பவர்கள் எக்காலத்திலும் ஒரேமாதிரிதான் போலும்! நானும் 35 ஆண்டுகள் கணக்குப் பார்த்தவன் என்பதால் இதை உரிமையோடு சொல்கிறேன்.

டிரைப்பின் படங்கள் வெளிவந்து சரியாக நூறாண்டு கழிந்த 1958-இல் எடுத்த இன்னொரு படத்தின் கதையைக் கேளுங்கள். 1955-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் அறிஞர்களும் புகைப்படக்காரர்களும் தமிழகத்துக் கோயில்களுக்கு ஊர் ஊராகச் சென்று, விமானம், கோஷ்டம், தூண், திருமேனி என்று வரிசையாகப் படமெடுத்து வைத்தார்கள். இன்று அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள அனந்தமங்கலம் ராஜகோபால சுவாமி கோயிலுக்கு 1958-இல் சென்றவர்கள், அங்கிருந்த ராமர், லட்சுமணர், சீதாபிராட்டி திருமேனிகளைப் படமெடுத்தனர். 1978-இல் அத்திருமேனிகள் களவு போயின. 40 ஆண்டுகள் கழித்து அவை இங்கிலாந்தில் இருப்பது தெரிந்தபோது, ‘இவை எங்கள் பெருமாள்தாம்’ என்று நிறுவுவதற்குக் கைகொடுத்தது அந்த 1958-ஆம் ஆண்டுப் படம். 2020 செப்டம்பரில் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே மூவரும் ஊர் திரும்பினர்.

கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாள் ஆலயத்துத் திருமங்கையாழ்வார் கதையும் இத்தகையதே. 1957-இல் கோயிலில் எடுத்த படம் புதுச்சேரியில் இருந்தது. 1967-இல் ஏலத்தில் வாங்கப்பட்ட திருமேனி ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருந்தது. இரண்டும் ஒன்றே என்று ஓர் ஆராய்ச்சியாளர் 2019-இல் கண்டு சொன்னார். பிறகு கோயிலில் பார்த்தால், பூசை ஏற்றுக்கொண்டிருந்தது மாற்றாக வைக்கப்பட்ட போலி! திருப்பி அளிக்க அப்பல்கலைக்கழகம் 2024-இல் இசைந்தது. ஊரார் அத்தனை ஆண்டுகள் சேவித்தும் வேறுபாடு புலப்படவில்லை என்பதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. படம் ஒன்றுதான் மறக்காமல் இருந்தது.

திருமேனிகளுக்கு நேர்ந்தது சுவர்களுக்கும் நேர்கிறது. ஒரே வேறுபாடு: சுவரை யாரும் திருடிச் செல்வதில்லை, நாமே மூடிவிடுகிறோம். கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பெயர் பெற்றது. கைக்கெட்டும் தூரத்தில் கல் கிடைப்பதால், உபயதாரர் ஒருவர் முன்வந்தால் திருச்சுற்று முழுவதும் பளபளக்கும் பலகை பாவப்படுகிறது. தரை அரை அடி, முக்கால் அடி உயர்கிறது. கோயிலின் அதிட்டானத்தில் கீழே உபானம், அதன்மேல் ஜகதி, அதன்மேல் குமுதம் என்று வரிசை இருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். கல்வெட்டுகள் பெரும்பாலும் ஜகதியிலும் குமுதத்திலுந்தான் ஓடும். தரை உயர்ந்தால் முதலில் புதைவது ஜகதி. ஓர் அரசன் விளக்கெரிக்க விட்ட நிலத்தின் எல்லைகள் அதோடு மண்ணுக்குள் போகின்றன. மேலே எஞ்சியதன்மீது சுண்ணாம்போ எனாமல் பூச்சோ ஏறுகிறது. இல்லையெனில் மணலை வேகமாக வீசிக் கழுவி, எழுத்தின் விளிம்பையே மழுக்கிவிடுகிறார்கள். இதைச் செய்பவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. சுவாமியின் இடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற பக்திதான். அதனால்தான் தடுப்பதும் கடினமாக இருக்கிறது.

காவேரிப்பட்டினம் அருகே தென்பெண்ணைக் கரையில் உள்ள பெண்ணேஸ்வரமடம் கோயிலுக்குச் சென்றிருப்பீர்கள். சோழர், போசளர் காலக் கல்வெட்டுகள் உள்ள தலம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போசள மன்னன் வீர ராமநாதன் இம்மாவட்டத்துக் குந்தாணியிலிருந்து ஆண்டான். அக்காலச் செய்திகளை நமக்குச் சொல்லும் ஏடு இப்பகுதிக் கோயில் சுவர்களே. பெரிய கோயில்களுக்குத் தொல்லியல் துறையோ அறநிலையத் துறையோ பொறுப்பாக இருக்கின்றன, படிகளும் எடுத்திருக்கிறார்கள். என் கவலை சிற்றூர்க் கோயில்களைப் பற்றியது.

குறிப்பாக வேடியப்பன் கோயில்கள். ஆநிரை மீட்டோ ஊரைக் காத்தோ உயிர் நீத்த வீரனின் நடுகல்லையே வேடியப்பனாக வழிபடுவது தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டார வழக்கம். மரத்தடியில் மூன்று கல், நான்கு கல், மஞ்சள் பூசி இருக்கும். ராயக்கோட்டைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் அப்படி மூன்று கற்கள் இருந்தன. ஊர்ப் பிள்ளைகள் நல்ல வேலைக்குப் போய்ப் பணம் திரட்டினர்; காங்கிரீட் மண்டபம் எழும்பியது. வேலை நடக்கும்போது கற்களைப் பெயர்த்து வேலியோரம் சாய்த்து வைத்தார்கள். மண்டபம் முடிந்து திரும்ப நிறுத்தும் நாள் வந்தபோது, எந்தக் கல் நடுவில் இருந்தது என்பதில் பங்காளிகளுக்குள் பேச்சு தடித்துவிட்டது. நடுக்கல்லுக்கு முதல் பொங்கல் வைக்கும் உரிமை ஒரு வகையறாவுக்கு உண்டு என்றால் விவகாரம் எங்கே போகும் என்று சொல்லவும் வேண்டுமா? இரண்டு ஆண்டுகள் பொங்கலே நின்றுபோயிற்று.

முடிவில் ஒரு மூதாட்டி தம் திருமண ஆல்பத்தை எடுத்து வந்தார். 1983-ஆம் ஆண்டு. தாலி கட்டியவுடன் குலதெய்வத்தைக் கும்பிட வந்த மணமக்களை நிற்கவைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில், வில்லேந்திய வீரன் கல் நடுவிலும் குத்துவாள் ஏந்தியவன் கல் வலப்புறத்திலும் ஐயமின்றித் தெரிந்தன. மூன்றாவதை மாப்பிள்ளையின் தோள் மறைத்திருந்தது. இரண்டு தெரிந்த பிறகு மூன்றாவதற்கு வழக்கில்லை. அந்தத் தை மாதமே பொங்கல் வைத்தார்கள். எடுத்த புகைப்படக்காரர் அக்கற்களை நினைத்தா எடுத்திருப்பார்?

ஆகவே முதல் வேலை, வீட்டுப் பீரோவைத் திறப்பது. காதுகுத்து, முடியிறக்கம், திருமணம், அறுபதாம் கல்யாணம் என்று பழைய படங்களில் முகங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். ஓடு வேய்ந்த முன்மண்டபம், வண்ணம் காணாத கோபுரம், இப்போது இல்லாத கல் தேர்முட்டி ஏதேனும் தென்படும். ஆண்டு தெரியாவிட்டால் திருமணப் பத்திரிகையைத் தேடுங்கள். நாள், நட்சத்திரத்தோடு கிடைத்துவிடும்.

இனிப் புதிதாக எடுப்பது. விலையுயர்ந்த காமிரா எதுவும் வேண்டியதில்லை. மடியில் இருக்கும் கைபேசி போதும். அதற்கு முன் ஒன்று. கோயில்களுக்குள் கைபேசி கொண்டு செல்வதைத் தடை செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் ஆணையிட்டது. தடை உள்ள கோயிலில் வாயிலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். ‘கல்வெட்டுக்காகத்தான்’ என்று வாதம் வேண்டாம். அங்கெல்லாம் கோபுரம், வெளிமதில், தேரடி, திருக்குளம் ஆகியவற்றை வெளியிலிருந்து எடுத்தால் போதும். உள்ளே தூண்களை எண்ணி வந்து சிறு நோட்டில் குறித்துக்கொள்ளலாம், எண்ணுவதற்குத் தடையில்லை. சிற்றூர்க் கோயிலில் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவரிடமும் சொல்லிவிட்டு எடுங்கள். மூலவரையும் உற்சவரையும் எங்கேயும் எடுக்க வேண்டாம். பழமையான திருமேனி எந்த ஊரில், எந்த அறையில் இருக்கிறது என்று ஊரறியப் பரப்புவது நல்லதன்று. அதைத் தேடிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

எடுக்கும் வரிசையைப் பெரியவர்கள் முன்பே வகுத்து வைத்திருக்கிறார்கள்: பிரதட்சிணம். வாயிலில் ஒரு படம். பிறகு வலமாகச் செல்லுங்கள். கிழக்கு நோக்கிய சிவாலயம் என்றால் தட்சிணாமூர்த்தி இருக்கும் தென்சுவர், லிங்கோத்பவர் இருக்கும் மேற்சுவர், பிரம்மாவும் துர்க்கையும் இருக்கும் வடசுவர். இந்த வரிசையிலேயே எடுத்தால், ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் எந்தச் சுவர் எதுவென்று குழப்பம் வராது. ஒவ்வொரு பக்கத்திலும் சுவர் முழுவதும் தெரியுமாறு தள்ளி நின்று ஒன்று, பாதி தூரத்தில் ஒன்று, எழுத்தோ சிற்பமோ தெரிய அருகில் ஒன்று. தூரப்படம் இல்லாத அண்மைப்படம், முகவரி இல்லாத கடிதம் மாதிரி, எங்கே சேர்ப்பது?

வெயிலையும் கவனியுங்கள். கல்வெட்டின்மேல் வெளிச்சம் நேராக விழுந்தால் எழுத்து தட்டையாகிவிடும். பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் விழுந்து, கண்ணுக்குத் தெரியாததும் தெரியும். தென்சுவருக்குக் காலையும் மாலையும் ஏற்றவை. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அங்கே வெளிச்சத்துக்குக் குறைவில்லை. கீழ்ச்சுவருக்கும் மேற்சுவருக்கும் உச்சி வேளையை ஒட்டி மேலிருந்து சரியும் வெயில் உதவும். வடசுவர் ஆண்டின் பெரும்பகுதி நிழலில்தான் இருக்கும். வைகாசி, ஆனியில் சென்றால் காலையிலும் மாலையிலும் அதன்மேல் வெயில் படும். துர்க்கைச் சன்னதிப் பக்கத்துக் கல்வெட்டைப் படிக்க முடியவில்லை என்று மனம் தளராதீர்கள்; மாதம் மாற்றிச் சென்று பாருங்கள். எழுத்து தெரிய வேண்டும் என்று மாவையோ சுண்ணத்தையோ விபூதியையோ தேய்க்கவே கூடாது. எண்ணெயும் ஆகாது.

நம் வயதில் கை நடுங்கும். மரத்தின் மேலோ தூணின் மேலோ தோளைச் சாய்த்துக்கொண்டு எடுத்தால் படம் கலங்காது. எடுக்குமுன் கைபேசியின் கண்ணாடிக் கண்ணை வேட்டி நுனியால் துடைத்துவிடுங்கள். பிரசாதம் வாங்கிய விரல் பட்டுப் பாதிப் படங்கள் மங்கலாகிவிடுகின்றன. கைபேசியை வானம் நோக்கிச் சாய்த்தால் கோபுரம் பின்னால் விழுவதுபோல் பதியும். தள்ளி நின்று நேராகப் பிடிக்க வேண்டும். அளவு தெரிவதற்குப் பேரனை ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம். அவன் உயரம் எத்தனை அடி என்று குறித்து வைத்தால், பின்னாளில் ஸ்தபதி ஒருவர் அதைக்கொண்டு குமுதத்தின் உயரத்தையே கணக்கிட்டுவிடுவார். பேரனுக்கும் தான் அங்கே நின்றதற்கு ஒரு காரணம் கிடைக்கும்.

எங்கள் பக்கம் வருகின்ற அன்பர்களுக்கு எடுக்க நிறைய இருக்கிறது. தேன்கனிக்கோட்டை பேட்டராய சுவாமி கோயில் வெளிப்புறம், சூளகிரி வரதராஜப் பெருமாள் கோயில் மதில், 1791-இல் ஆங்கிலேயர் வசமான ராயக்கோட்டைத் துர்க்கம். ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் ராஜாஜி 1878-இல் பிறந்த எளிய வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது. அப்படிப்பட்ட ஓட்டுவீடுகள் தெருக்கணக்கில் இருந்த ஊர்களில் இன்று ஒன்றிரண்டு மிஞ்சினாலே பெரிது. ஊர்ச் சத்திரம், கல் மண்டபம், பழைய கிணறு, சாலையோரச் சுமைதாங்கிக் கல் எதையும் விடாதீர்கள். டிரைப் பெட்டியைச் சுமந்து ஏறிய மலையடிவாரத்தில் நமக்கு ஒரு விரல் அழுத்தம்தான் வேலை.

எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், எழுத்துகள் கரைந்துபோகும். ஆவணமாக அனுப்பும் வழி அதிலேயே இருக்கிறது; பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பென் டிரைவில் ஊர்ப் பெயரிட்டுச் சேமியுங்கள். கைபேசி தொலைந்தாலும் படம் தொலையாது. திருப்பணி தொடங்கப்போகிறது என்று தெரிந்தால், பாலாலயத்துக்கு முன்பே ஒருமுறை சென்று நான்கு புறமும் எடுத்து, நல்ல தாளில் அச்சிட்டு இரண்டு படிகள் போடுங்கள். ஒன்று உங்களிடம் இருக்கட்டும். மற்றொன்றைக் குருக்களிடமோ திருப்பணிக் குழுவிடமோ கொடுத்து, நோட்டில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். தேதி இல்லாத காகிதத்தை வங்கியில் நாங்கள் வாங்கியதில்லை. படத்தின் பின்புறம் ஊர், சுவாமி பெயர், எந்தத் திசைச் சுவர், ஆங்கிலத் தேதி, தமிழ் மாதம், எடுத்தவர் பெயர் இவ்வளவும் எழுத வேண்டும். பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுந்தி முன்பக்கம் புடைத்துவிடும். மை பேனாவாக இருந்தால், கோயில் அறையின் ஈரத்தில் இரண்டே மழைக்காலத்தில் பரவிவிடும்.